மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எப்படி வந்தது? அந்தத் தீவின் பணமும் வங்கிகளும்

கேள்வி இதுதான்: "என் மாமா கப்பல் வேலையில் இருந்தவர். 1999 தொடக்கத்தில் மொரீஷியஸ் போய் வந்தபோது கொண்டுவந்த நூறு ரூபாய் நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் தமிழ் எழுத்து இருக்கிறது, 1998 என்று ஆண்டும் இருக்கிறது. அங்கே தமிழ் ஆட்சிமொழியா? அவர்கள் ரூபாய்க்கும் நம் ரூபாய்க்கும் என்ன உறவு? வங்கிகள் நம்பகமானவையா, இல்லை செய்தியில் சொல்வது போல அது வெறும் வரி தப்பும் தீவுதானா?"

உங்கள் கையில் இருப்பது சாதாரண நோட்டு இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அதன் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

மொரீஷியஸில் தமிழ் ஆட்சிமொழி இல்லை. நாடாளுமன்றம் ஆங்கிலத்தில் நடக்கிறது, பத்திரிகை பிரெஞ்சில் வருகிறது, வீட்டிலும் சந்தையிலும் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோருக்கும் வீட்டுமொழி கிரியோல்தான். கோயிலில் தேவாரம் பாடுவார்கள், தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு, பெயர் தமிழாக இருக்கும். ஆனால் நோட்டில் உள்ள அந்த இரண்டு தமிழ்ச் சொற்களைத் தடையில்லாமல் படிக்கக்கூடியவர்கள் குறைவு. அப்படியிருந்தும் அந்தச் சொற்களின் இடம் மாறியபோது ஒரு சமூகமே கொதித்தது. ஏன் என்று புரிய, ரூபாய் அந்தத் தீவுக்கு எப்படிப் போனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மொரீஷியஸ் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, மடகாஸ்கரையும் தாண்டி, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. பரப்பு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம். மனிதர்கள் குடியேறும் வரை அங்கே டோடோ பறவைதான் இருந்தது. இன்று அந்தப் பறவை நோட்டின் நீரோட்டக் குறியாக இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் அதன் தலை தெரியும். டச்சுக்காரர் வந்து போனார்கள், பிரெஞ்சுக்காரர் ஆண்டார்கள், 1810ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு பணத்தை விட்டுப் போனார்கள். அதே 1810ல், ஆங்கிலேயர் முற்றுகையால் வெள்ளி கிடைக்காமல் போனபோது, பிரெஞ்சு ஆளுநர் டெக்கான், பிடிபட்ட ஒரு போர்த்துகீசியக் கப்பலில் இருந்த வெள்ளியை உருக்கித் தீவிலேயே நாணயம் அடித்தார். 'டெக்கான் பியாஸ்தர்' என்று இன்றைக்கும் நாணயம் சேகரிப்பவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். துறைமுகத் தீவு என்பதால் ஸ்பானிய வெள்ளி, ஆங்கிலப் பவுன், இந்திய ரூபாய் எல்லாம் ஒரே கடையில் ஒரே மேசையில் புழங்கின.

இதில் ரூபாய் மட்டும் எப்படி ஜெயித்தது? ஆட்கள் வந்ததால்.

1830களில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றினார்கள். கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்று துறைமுகங்களிலிருந்தும் ஆட்கள் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை போனவர்கள் சேர்ந்து ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். போர்ட் லூயி துறைமுகத்தில் அவர்கள் ஏறி வந்த படிக்கட்டு இன்னும் இருக்கிறது. ஆப்ரவாசி காட் என்று பெயர். 2006ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆணுக்குச் சம்பளம் மாதம் 5 ரூபாய். அதோடு அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய், புளி. ஒப்பந்தத்தில் எழுதியது இவ்வளவு. கையில் வந்தது இதைவிடக் குறைவு. ஒரு நாள் வேலைக்கு வரவில்லை என்றால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். 'டபுள் கட்' என்று அதற்குப் பெயரே இருந்தது. காய்ச்சலில் மூன்று நாள் படுத்தவனுக்கு ஆறு நாள் கூலி போய்விடும். சம்பளத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதும் சாதாரணம். பாக்கி நிற்பதால் ஆள் தோட்டத்தை விட்டுப் போகமாட்டான் அல்லவா. 1871ல் அடால்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற தோட்டக்காரர், இந்தக் கொடுமையை எழுதி, 9,401 தொழிலாளர்களின் கையெழுத்தோடும் கைநாட்டோடும் ஆளுநரிடம் மனு கொடுத்தார். அந்த வேலையில் அவருக்குத் துணை நின்றவர் ராஜரத்தினம் முதலியார் என்ற தமிழர். அதன் பலனாக லண்டனிலிருந்து விசாரணைக் குழு வந்தது, 1875ல் அறிக்கை தந்தது, 1878ல் தொழிலாளர் சட்டம் மாறியது.

இந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். 1876ல் மொரீஷியஸ் அரசு ரூபாயைச் சட்டப்படியான பணமாக அறிவித்து, ஐந்து, பத்து, ஐம்பது ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. 1877ல் அணா இல்லாத புதுக் கணக்கு: ஒரு ரூபாய்க்கு நூறு சென்ட். பழைய மொரீஷியஸ் டாலர் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் என்று மாற்றிக் கொடுத்தார்கள். லண்டன் அரசுக்குத் தன் காலனியில் பவுன் ஓடுவதுதான் வசதி. ஆனாலும் ரூபாயை ஏற்க வேண்டிவந்தது, ஏனென்றால் தீவில் பெரும்பாலானவர்கள் கணக்குப் பார்த்ததும், சேர்த்து வைத்ததும், அரிசி வாங்கியதும் அதில்தான். சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஆட்களோடும் அரிசி மூட்டைகளோடும் ரூபாய் வந்து குவிந்திருந்தது. ஒரு நாட்டின் பணத்தை அதன் அடிமட்டத் தொழிலாளர்களின் மடிச்சீலை தீர்மானித்த சம்பவம் உலகத்தில் அதிகம் இருக்காது. எனக்கு மொரீஷியஸ் நாணயத்தின் மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததே இதனால்தான்.

வங்கிகளின் கதை வேறு. ரூபாய் கூலிகளோடு வந்தது; வங்கியோ முதலாளிகளோடு வந்தது.

அடிமைகளை விடுவித்ததற்காக அவர்களின் உரிமையாளர்களுக்கு ஆங்கில அரசு நஷ்டஈடு கொடுத்தது. விடுதலையானவர்களுக்கு ஒரு காசு கூட இல்லை. மொரீஷியஸ் முதலாளிகளுக்கு வந்த தொகை மட்டும் 20 லட்சம் பவுனுக்கு மேல். அந்தப் பணத்தின் ஒரு பகுதி பழைய கடனுக்குப் போக, மிச்சம் கரும்பில் இறங்கியது. கரும்புக்குக் கடன் கொடுக்க வங்கி வேண்டியிருந்தது. 1838ல் மொரீஷியஸ் கமர்ஷியல் வங்கி தொடங்கியது. எம்.சி.பி. என்றால் அங்கே குழந்தைக்கும் தெரியும். 1847-48ல் லண்டனில் சர்க்கரை வணிக நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தபோது தீவில் அதற்குப் போட்டியாக இருந்த வங்கி மூழ்கிவிட்டது, எம்.சி.பி. தப்பியது. இன்றைக்கும் அதுதான் நாட்டின் மிகப் பெரிய வங்கி.

கரும்பு நாட்டில் வங்கி வேலை செய்யும் விதம் தஞ்சாவூர்க்காரருக்குச் சட்டென்று புரியும். ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை வெட்டு. மற்ற மாதங்களில் களை எடுக்க, உரம் போட, கூலி கொடுக்கப் பணம் வேண்டும், வரவு கிடையாது. வரப்போகும் சர்க்கரையை ஈடாக வைத்து வங்கி கடன் கொடுக்கும்; சர்க்கரை விற்ற பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகும். பெரிய தோட்டத்துக்கு இது நன்றாக நடந்தது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருந்த இந்தியனுக்கு யார் கடன் கொடுத்தார்கள்?

அவனிடம் நிலம் எப்படி வந்தது என்பதும் சொல்ல வேண்டிய விஷயம். 1880களிலிருந்து சர்க்கரை விலை விழுந்தபோது, தோட்ட முதலாளிகள் ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். வாங்கியவர்கள் பழைய ஒப்பந்தக் கூலிகளும் அவர்கள் பிள்ளைகளும். ஐந்து ரூபாய்ச் சம்பளத்தில், டபுள் கட் போக மிஞ்சியதில், பசு வளர்த்துப் பால் விற்றதில், காய்கறி போட்டதில் சேர்த்த வெள்ளி ரூபாய் அது. வங்கியில் கணக்கு இல்லாத பணம் அப்படி நிலமானது. ஆனால் பயிர்க் கடனுக்கு வட்டிக்காரனிடமும் கடைக்காரனிடமும்தான் போக வேண்டியிருந்தது. 1909ல் வந்த ராயல் கமிஷன் என்ற ஆங்கில அரசின் விசாரணைக் குழு இதைப் பார்த்துவிட்டு, இந்தியாவைப் போலக் கூட்டுறவுக் கடன் சங்கம் வைக்கச் சொன்னது. 1913ல் இந்தியச் சட்டத்தின் மாதிரியிலேயே சட்டம் வந்தது. நம் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் 1904ல் எந்தச் சட்டத்தின் கீழ் முதல் சங்கம் வந்ததோ, அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இன்று மொரீஷியஸில் கூட்டுறவு பெரிய சக்தி இல்லை. அந்த நாட்களில் அது பல குடும்பங்களின் கழுத்தைக் காப்பாற்றியது.

சரி, நம் ரூபாய்க்கும் அவர்கள் ரூபாய்க்கும் உள்ள உறவு. 1877ல் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று. 1934ல் மொரீஷியஸ் தன் ரூபாயை இந்திய ரூபாயிடமிருந்து பிரித்துப் பவுனோடு கட்டியது. ஆனால் கட்டிய விலை ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது பவுனுக்கு 13⅓ ரூபாய். அப்போது இந்திய ரூபாய்க்கும் அதே விலைதான். அதனால் கயிறு மாறியும் இரண்டும் தோளோடு தோள் நின்றன. பிரிந்தது 1966 ஜூனில். இந்தியா தன் ரூபாயை டாலருக்கு 4.76லிருந்து 7.50க்கு இறக்கியது, மொரீஷியஸ் அதோடு சேர்ந்து இறங்கவில்லை. அன்றிலிருந்து இருவர் பாதையும் வேறு. 2024, 2025 வாக்கில் ஒரு மொரீஷியஸ் ரூபாய்க்கு இந்திய ரூபாய் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. இலங்கை ரூபாயும் செஷல்ஸ் ரூபாயும் இதே குடும்பம்தான். ஒரே வெள்ளி ரூபாயின் பிள்ளைகள் இன்று எவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கிறார்கள் என்று பார்த்தால், அந்தந்த நாடு கடந்த அறுபது ஆண்டுகளை எப்படிக் கழித்தது என்பது தெரிந்துவிடும்.

பேங்க் ஆஃப் மொரீஷியஸ் என்ற மத்திய வங்கி 1967ல் செயல்படத் தொடங்கியது. நாட்டு விடுதலை 1968 மார்ச் 12ல். நாடு பிறக்கும் முன்பே அதன் கல்லாப்பெட்டி தயாராகிவிட்டது. 1973ல் அரசே ஒரு வணிக வங்கி தொடங்கியது, இன்று எஸ்.பி.எம். என்று அழைக்கப்படுவது அதுதான். சர்க்கரை முதலாளிகளுக்கு ஒரு வங்கி இருந்தது, மற்றவர்களுக்கு ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. இந்த இரண்டும்தான் உள்நாட்டு வங்கித் தொழிலில் பெரும்பங்கை வைத்திருக்கின்றன. பாங்க் ஆஃப் பரோடா 1962லிருந்தே அங்கே இருக்கிறது, ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவின் துணை வங்கியும் உண்டு. எல்லாம் சேர்த்து உரிமம் பெற்ற வங்கிகள் இருபது வரை. பன்னிரண்டரை லட்சம் பேருக்கு இவ்வளவு வங்கி எதற்கு என்று கேட்டால், அதற்கான விடை வரி விவகாரத்தில் இருக்கிறது.

1976 வரை பவுனோடு ஓடிய ரூபாய், அப்புறம் பன்னாட்டு நிதியத்தின் எஸ்.டி.ஆர். என்ற நாணயக் கூடையோடு கட்டப்பட்டது. சர்க்கரை விலை ஏறிய காலத்தில் செலவை ஏற்றிவிட்டு, விலை இறங்கியதும் கையைப் பிசைந்தார்கள். 1979லும் 1981லும் ரூபாயின் மதிப்பைப் பெரிய அளவில் குறைக்க வேண்டிவந்தது. அந்த அடியிலிருந்துதான் ஆயத்த ஆடைத் தொழில், சுற்றுலா, நிதிச் சேவை என்று தீவு வேறு வழிகளில் வேகமெடுத்தது. 1994ல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டை முழுக்க எடுத்துவிட்டார்கள். அப்போது நிதியமைச்சர் ராமா சித்தானென், தமிழ் வம்சாவளிக்காரர். இன்று அங்கே டாலரை யாரும் வங்கியில் வாங்கலாம், வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ரூபாயின் விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. அலை அதிகமானால் மத்திய வங்கி டாலரை விற்றோ வாங்கியோ தலையிடும்.

தீவுக்கு இந்த மாற்று விலை ஏன் உயிர் நாடி? பெட்ரோல் முழுக்க வெளியிலிருந்து வருகிறது. அரிசி, கோதுமை, பருப்பு, பால் மாவு, மருந்து எல்லாம் கப்பலில் வருகிறது. டாலர் இரண்டு ரூபாய் ஏறினால் அடுத்த கப்பலில் வரும் பருப்பு ஏறிவிடும். அதனால்தான் பெட்ரோல், சமையல் எரிவாயு, ரேஷன் அரிசி, மாவு இவற்றை அரசின் வணிகக் கழகம் ஒன்றே வாங்கி, விலையைப் பிடித்து வைக்கிறது. நம் ஊர் ரேஷன் கடை அரிசி போல அங்கும் 'ரேஷன் அரிசி' உண்டு, பெயரும் அதேதான்.

இப்போது வரி விஷயம். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்று கறுப்புப் பணத் தீவு என்பார்கள், இல்லையென்றால் எல்லாம் சட்டப்படி என்பார்கள். நான் நடந்ததைச் சொல்கிறேன். 1982ல் இந்தியாவும் மொரீஷியஸும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் போட்டன. ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி கட்டக் கூடாது என்பது நியாயமான எண்ணம். அதில் ஒரு விதி: மொரீஷியஸ் நிறுவனம் இந்தியாவில் பங்கு வாங்கி விற்று லாபம் பார்த்தால், அந்த லாபத்துக்கு வரி போடும் உரிமை மொரீஷியஸுக்கு மட்டும். மொரீஷியஸில் அந்த வகை லாபத்துக்கு வரியே இல்லை. ஆக, எங்கும் வரி இல்லை. 1991க்குப் பிறகு இந்தியப் பங்குச் சந்தை வெளிநாட்டாருக்குத் திறந்ததும், அமெரிக்கப் பணம், ஐரோப்பியப் பணம், சில சமயம் இந்தியாவிலிருந்தே சுற்றிப் போன பணம், எல்லாம் போர்ட் லூயியில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து அதன் வழியாக மும்பைக்கு வந்தது. 2000க்குப் பிறகு இந்தியாவுக்கு வந்த நேரடி அந்நிய முதலீட்டில் ஏறக்குறைய கால் பங்கு மொரீஷியஸ் முகவரியில் வந்ததுதான். 2003ல் நம் உச்ச நீதிமன்றம், ஆசாதி பச்சாவோ ஆந்தோலன் வழக்கில், அந்த ஒப்பந்தத்தைப் பயன்படுத்துவது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

2016ல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளின் லாபத்துக்கு இந்தியாவே வரி போடலாம் என்றானது. அந்தப் பழைய கதவு பெருமளவு மூடிவிட்டது. ஆனால் கதவு திறந்திருந்த முப்பது ஆண்டில் எபேன் என்ற இடத்தில் ஒரு கண்ணாடி நகரமே எழுந்துவிட்டது: கணக்காளர்கள், வழக்கறிஞர்கள், நிதி மேலாளர்கள், அந்த வெளிநாட்டு நிறுவனங்களின் டாலர் கணக்கை வைத்திருக்கும் வங்கிகள். கரும்பு வெட்டியவரின் பேத்தி அங்கே கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். அதே சமயம் இந்தியா போன்ற ஏழை மக்கள் நிறைந்த நாடு அந்த ஆண்டுகளில் வசூலிக்காமல் விட்ட வரியையும் மறக்க மாட்டேன். இரண்டு நாட்டு அரசுகளும் தெரிந்தே வைத்திருந்த விதி அது. பழி ஒரு தீவின் தலையில் மட்டும் விழுவது சரியில்லை.

2020 பிப்ரவரியில் பணமோசடித் தடுப்பில் குறை இருக்கிறது என்று, அதைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப்., மொரீஷியஸைக் கூடுதல் கண்காணிப்புக்கு உரிய நாடுகளின் 'சாம்பல் பட்டியலில்' சேர்த்தது. அவர்கள் மளமளவென்று சட்டங்களைச் சரிசெய்து 2021 அக்டோபரில் வெளியே வந்தார்கள். இன்று அங்கே வங்கிக் கணக்கு திறக்கப் போனால், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் காகிதம் காகிதமாக வாங்குவார்கள்.

வங்கிகள் நம்பகமானவையா என்று கேட்டீர்கள். மொத்தத்தில் ஆம். ஆனால் ஒரு விபத்து நடந்திருக்கிறது. 2015 ஏப்ரல் 2 அன்று பிராமர் வங்கியின் உரிமத்தை மத்திய வங்கி ரத்து செய்தது. அது ஒரு பெரிய காப்பீட்டுக் குழுமத்தோடு சேர்ந்தது. வங்கி, காப்பீடு, கடை, முதலீடு எல்லாம் ஒரே குடையின் கீழ் இருந்தன. ஒன்று ஆடியதும் எல்லாம் ஆடின. வங்கியின் வைப்புகளைக் காக்க அரசு ஒரு புது வங்கியை உருவாக்கி எல்லாவற்றையும் அதில் சேர்த்தது. பிறகு அது அஞ்சல் கூட்டுறவு வங்கியோடு இணைந்து 2016ல் மௌபாங்க் ஆனது. சிறிய நாட்டில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு குழுமம் வளர்ந்துவிட்டால் அதைக் கண்காணிக்கும் அதிகாரிக்குக் கண்ணை மூடாமல் இருக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தந்தது 2020ல் நடந்தது. கொரோனாவில் விமானம் நின்றது, சுற்றுலா செத்தது. அரசுக்குப் பணம் இல்லை. மத்திய வங்கி 60 பில்லியன் ரூபாயை, அதாவது 6,000 கோடியை, அரசுக்குத் திருப்பித் தர வேண்டாத உதவியாகக் கொடுத்தது. அதோடு, ஹோட்டல் போன்ற பெரிய நிறுவனங்களைக் காக்க, தானே ஒரு முதலீட்டுக் கழகத்தைத் தொடங்கி அதற்கு 80 பில்லியன் ஒதுக்கியது. மத்திய வங்கி வணிக நிறுவனங்களில் முதலீடு செய்யக் கூடாது, அந்தக் கழகத்தை விட்டு விலகு என்று பன்னாட்டு நிதியம் திரும்பத் திரும்பச் சொன்னது. வேலை போகாமல் காத்தது உண்மை. ஆனால் நோட்டு அடிக்கும் கையும் செலவு செய்யும் கையும் ஒன்றானால் விலைவாசி சும்மா இருக்காது. 2020 தொடக்கத்தில் டாலருக்கு 36, 37 என்று இருந்த ரூபாய், 2024ல் 46 அளவுக்கு இறங்கியது. 2022ல் விலைவாசி 10.8 சதவீதம் ஏறியது. உக்ரைன் போரும் கப்பல் கட்டணமும் அதில் சேர்ந்தன, மறுக்கவில்லை.

அதே காலத்தில் இலங்கையும் நோட்டு அடித்தது. 2022ல் அங்கே டாலர் 200லிருந்து 360 வரை போனது, பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றது. மொரீஷியஸ் அந்தப் பள்ளத்தில் விழாமல் தப்பியதற்கு முக்கியக் காரணம், அதனிடம் ஏறக்குறைய ஓராண்டு இறக்குமதிக்குப் போதுமான அந்நியச் செலாவணி இருந்தது. இலங்கையிடம் சில வாரத்துக்குக் கூட இல்லை. 2024ல் மொரீஷியஸ் விலைவாசி ஏற்றம் 3.6 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

அன்றாடப் புழக்கம் எப்படி என்றால், நம் ஊரைப் போலத்தான் மாறிக்கொண்டிருக்கிறது. எம்.சி.பி.யின் 'ஜூஸ்' செயலி அங்கே ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. பணம் அனுப்பு என்பதற்கு ஜூஸ் பண்ணு என்பார்கள். எந்த வங்கிக்கும் எந்த வங்கியிலிருந்தும் உடனே அனுப்ப, மத்திய வங்கியே 2019ல் மௌகாஸ் என்ற வழியைப் போட்டது. 2024 பிப்ரவரி 12 அன்று நம் யூபிஐ மொரீஷியஸிலும் இலங்கையிலும் ஒரே நாளில் தொடங்கியது; மொரீஷியஸில் ரூபே அட்டையும் அன்றே தொடங்கியது. க்யூஆர் வைத்திருக்கும் கடையில் இந்தியச் செயலியிலிருந்தே கட்டலாம். ஆனாலும் பேருந்துக்கும் சந்தைக்கும் கையில் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். 25, 50, 100, 200, 500, 1000, 2000 என்று நோட்டுகள். சில பிளாஸ்டிக் போன்ற பாலிமரில் வருகின்றன. 2000 ரூபாயில் நாட்டின் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம் இருக்கிறார், பின்பக்கத்தில் கரும்பு ஏற்றிய மாட்டு வண்டி.

இனி உங்கள் நூறு ரூபாய். அதில் இருக்கும் முகம் ரங்கநாதன் சீனிவாசன். அவர்கள் ஊர் எழுத்துமுறையில் 'ரெங்கநாடென் சீனீவாஸென்' என்று இருக்கும். தமிழர், வழக்கறிஞர், தொழிற்கட்சியின் முக்கியத் தலைவர்களில் ஒருவர். விடுதலையைப் பார்க்காமல் 1958லேயே இறந்துபோனார்.

1998 நவம்பரில் மத்திய வங்கி புது வரிசை நோட்டுகளை வெளியிட்டது. அதுவரை ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்த வரிசை அதில் ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று மாறியிருந்தது. தமிழர்கள் தெருவுக்கு வந்தார்கள். எண்ணிக்கையில் இந்தி, போஜ்பூரி வம்சாவளியினர் பல மடங்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் தமிழர்கள் சொன்னது வேறு: ஒப்பந்தக் கூலிக் கப்பல் வருவதற்கு நூறு ஆண்டு முன்பே, பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொன்னே காலத்தில், பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனாராகவும் தச்சராகவும் வந்து போர்ட் லூயியைக் கட்டியவர்கள் எங்கள் முன்னோர், நோட்டில் எங்கள் இடம் அந்த முதல் வருகைக்கான இடம். அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அதற்காக நின்றார்கள். எனக்கு அந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது. மொழி கையை விட்டுப் போன பிறகு, அது இருந்ததற்கு அரசு முத்திரையோடு மிச்சமிருந்த சாட்சி அந்த நோட்டுதான்.

அரசு இறங்கி வந்தது. அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999ல் பழைய வரிசையிலேயே புதிதாக அச்சிட்டு வெளியிட்டது. இன்றும் அந்த வரிசைதான்.

ஆகவே நோட்டை எடுத்துப் பாருங்கள். 1998 என்ற ஆண்டும், ஆங்கிலத்துக்கு அடுத்துத் தேவநாகரியும் அதற்குப் பிறகு தமிழும் இருந்தால், உங்கள் மாமா சரியாக அந்தச் சில மாதங்களில் துறைமுகத்தில் இறங்கியிருக்கிறார். மடிக்காமல், லேமினேட் பண்ணாமல், அமிலம் இல்லாத உறையில் போட்டு வையுங்கள். பக்கத்தில் 1999 ஆண்டு போட்ட நூறு ரூபாய் ஒன்றையும் தேடி வாங்கி வையுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.